21 நாளில் பழக்கம் ஒட்டாது, பணம்தான் போகும்

கேள்வி: எனக்கு வயது 44. ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். மூன்று மாத சராசரி சர்க்கரை 6.1 என்று வந்திருக்கிறது, சர்க்கரை நோயின் வாசற்படி. மருந்து எதுவும் இல்லை. தினமும் ஒரு மணி நேர நடை, ராத்திரி சோறு கிடையாது, பத்து மணிக்குத் தூக்கம் என்று ஒவ்வொரு ஜனவரியிலும் முடிவெடுப்பேன். பொங்கலைத் தாண்டுவதில்லை. '21 நாள் சவால்' என்று ஒரு வாட்ஸ்அப் குழு, கட்டணம் 3,999 ரூபாய். சேரலாமா?

பதில்: வேண்டாம். அந்தப் பணத்தில் நல்ல செருப்பு வாங்குங்கள்.

இந்த 21 எங்கிருந்து வந்தது தெரியுமா? மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன், முகத்தில் அறுவை செய்துகொண்டவர்களுக்குப் புது முகம் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று 1960இல் எழுதினார். 'குறைந்தது' என்பதை விழுங்கிவிட்டு மிச்சத்தை விற்கிறார்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 96 பேரை வைத்துப் பார்த்தபோது ஒரு பழக்கம் ஒட்டுவதற்கு நடுவாந்தரமாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18, சிலருக்கு 254 என்று கணக்கிட்டார்கள். நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிதாக எதுவும் கெடவில்லை. உங்களுக்கு வேண்டியது இதுதான். பத்தாம் நாள் தவறினால் பதினோராம் நாள் நடங்கள், அடுத்த ஜனவரிக்குக் காத்திருக்காதீர்கள்.

இந்தக் குழுக்களில் பாதி, நாலாம் நாளே பவுடர் டப்பாவை நீட்டும். ஜிம்மில் வருடச் சந்தா வாங்குவதும், நீங்கள் பிப்ரவரியில் வரமாட்டீர்கள் என்று தெரிந்துதான். ஆனால் அவர்களை மட்டும் திட்டிப் பயனில்லை. "வாக்கிங் போங்க, வெயிட்டைக் குறைங்க" என்று இரண்டு வரியில் ஆளை அனுப்பிவிடுகிற எங்கள் டாக்டர் கூட்டம்தான் அவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது. நடைபாதை முழுக்க பைக் நிற்கிறது, எங்கே நடப்பீர்கள் என்று எவரும் கேட்பதில்லை.

சரி, செய்ய வேண்டியது. மூன்றில் ஒன்றை மட்டும் எடுங்கள். ராத்திரி தட்டு கழுவியதும் பத்து நிமிடம் நடை, தெருவிலோ மொட்டை மாடியிலோ. தட்டு கழுவுவது ஏற்கெனவே உள்ள பழக்கம், அதன் வாலில் நடையைக் கட்டிவிடுங்கள். அது ஒட்டியபின் ஐந்து ஐந்து நிமிடமாகக் கூட்டுங்கள். அப்புறம் சோற்றில் ஒரு கரண்டி குறைக்கலாம். நான் காபியில் இரண்டு ஸ்பூன் சர்க்கரையிலிருந்து ஒன்றுமில்லாததற்கு வர ஒன்பது மாதம் ஆனது. வெட்கப்படவில்லை.

பலன் இருக்குமா என்றால், சென்னையிலிருந்து நடந்த இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு 2006இல் வெளியானது. நடை, உணவு மாற்றம் இரண்டாலேயே மூன்றாண்டில் நோய் வரும் வாய்ப்பு சுமார் 28 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை கொடுத்தவர்களுக்கும் ஏறக்குறைய அதே அளவுதான்.

இதைப் படிக்கும் வேறு ஒருவருக்கும் ஒரு வார்த்தை. ஏற்கெனவே இன்சுலினோ கிளிமிபிரைடு மாத்திரையோ எடுப்பவர் ராத்திரி சாப்பாட்டைத் தானாக நிறுத்தக் கூடாது. மருந்து அதே அளவில் உள்ளே போக, சோறு போகாவிட்டால் சர்க்கரை தடாலென்று இறங்கும். வியர்க்கும், கை நடுங்கும், மயக்கம் வரும், தூக்கத்தில் வந்தால் பக்கத்தில் படுத்திருப்பவருக்குக்கூடத் தெரியாது. முதலில் டாக்டரிடம் மருந்தைக் குறைக்கச் சொல்லுங்கள், அப்புறம் தட்டைக் குறையுங்கள். கேள்வி கேட்டவருக்கு இந்தப் பயம் இல்லை.

மூன்று மாதம் கழித்து ஒரே ஒரு முறை பரிசோதியுங்கள். 'முழு உடல் பேக்கேஜ், இன்றைக்கு மட்டும் தள்ளுபடி' என்பார்கள். எச்பிஏ1சி (அந்த மூன்று மாத சராசரிதான்) மட்டும் என்று சொல்லிவிட்டு உட்காருங்கள்.