நிலத்தை விற்று ராலி வண்டி வாங்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 23. ஊர் பல்லடம் பக்கம். தேசிய கார் ராலி சாம்பியன்ஷிப்பில் இரண்டு சுற்று ஓட்டினேன். இரண்டிலும் வண்டி பாதியில் நின்றுவிட்டது. ஆனால் முடித்த ஸ்டேஜ்களில் (நேரம் கணக்கிட்டு ஓட்டும் பகுதிகளில்) என் நேரம் மோசமில்லை. வண்டிதான் காலை வாரிவிடுகிறது. அப்பாவின் ஒன்றரை ஏக்கரை விற்றுப் அதிக சக்தியுள்ள பெரிய கிளாஸ் வண்டிக்கு மாறலாமா?
- பெயர் வேண்டாம் என்ற வாசகர்

பதில்: தம்பி, நிலத்தில் கை வைக்காதீர்கள். வண்டியையும் இப்போதைக்கு மாற்ற வேண்டாம்.

வண்டி எதனால் நின்றது என்று நீங்கள் எழுதவே இல்லையே! தானாக உடைந்ததா, கல்லில் ஏற்றி உடைத்தீர்களா? இரண்டாவது என்றால், பெரிய வண்டியில் அதே கல் இன்னும் வேகமாக வரும். பில்லும் அப்படித்தான் வரும்.

நானும் இந்தக் கூத்தை ஆடியவன்தான். சிக்மகளூரில் காபித் தோட்டத்துக்குள் ஒரு ஸ்டேஜ். முன்னால் போன வண்டி கிளப்பிய புழுதி, காற்றில்லாமல் மரங்களுக்கு நடுவே அப்படியே நின்றது. பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்லும் நேவிகேட்டர் "லெஃப்ட் மூணு, வெட்டாதே" என்று படித்தார். இடது வளைவு, கடுமை மூன்று, உள்பக்கமாகக் குறுக்கே போகாதே என்று அர்த்தம். காதில் நன்றாகவே விழுந்தது. வெட்டினேன். உள்பக்கம் ஒரு வேர். சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்ம் போயிற்று, ராலியும் போயிற்று. ராலிக்கு முன் வழியைப் பார்த்துக் குறிப்பெழுதும் ரெக்கியில் அந்த "வெட்டாதே"யைச் சொல்லி எழுத வைத்ததே நான்தான்! அன்று முழுக்க வண்டியைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

கௌரவ் கில்லைப் பாருங்கள். தேசியப் பட்டத்தைப் பலமுறை வென்றவர். ஆசிய பசிபிக் பட்டம் 2013-ல்தான் கைக்கு வந்தது, முப்பதைத் தாண்டிய பிறகு. நம்ம சென்னை எம்ஆர்எஃப் அணியின் ஸ்கோடாவில் ஜெயித்தார். 2016, 2017-ல் மறுபடியும். 2019-ல் அர்ஜுனா விருது. மோட்டார் பந்தயக்காரர் ஒருவருக்கு அது கிடைத்தது அதுவே முதல்முறை. உங்களுக்கு 23தான் ஆகிறது. என்ன அவசரம்?

சரி, இருக்கிற காசை எதில் போடுவது? முதலில் ஒரு நல்ல நேவிகேட்டர். நண்பன் சும்மா வருகிறான் என்று உட்கார வைக்காதீர்கள். பேஸ் நோட் என்ற அந்த வளைவுக் குறிப்பைப் படிப்பவர், நேரம் பதியும் டைம் கார்டையும் பார்க்க வேண்டும். நேரம் பதியும் இடமான கன்ட்ரோலுக்குக் குறித்த நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்னால் போய்விட்டாலும் பெனால்டி உண்டு. அப்புறம் ஸ்பேர் ஆர்ம், டயர். மிச்சம் இருந்தால் அடுத்த சுற்றின் என்ட்ரி ஃபீஸுக்கு எடுத்து வையுங்கள்.

கோயம்புத்தூர் ராலி ஓடும் கேத்தனூர் காற்றாலைக் காடு உங்களுக்குப் பக்கம்தான். ஞாயிற்றுக்கிழமை நேவிகேட்டரோடு அந்தப் பக்கத்து மண்சாலையில் 30 கிலோமீட்டர் வேகத்தில் போய் நோட் எழுதுங்கள். வேகம் வேண்டாம், ஆடுமாடு வரும். மறுவாரம் அதே நோட்டை அவர் படிக்க, நீங்கள் சாலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முதல் நாலு கிலோமீட்டரிலேயே எத்தனை வளைவைத் தப்பாக எழுதியிருக்கிறீர்கள் என்று தெரிந்துவிடும்.

ஸ்பான்சர் தேடிப் போகும்போதும் உங்களிடம் இருக்க வேண்டியது முடித்த ராலிகளின் ரிசல்ட் ஷீட். பாதியில் நின்ற வண்டியின் வேகத்தை யாரும் கேட்க மாட்டார்கள்.

அடுத்த சுற்று முடிந்ததும் எழுதுங்கள். எத்தனையாவது இடம் என்பதை விடுங்கள். எந்த ஸ்டேஜில், எந்த வளைவில் எத்தனை விநாடி போயிற்று என்று எழுதுங்கள்.