அவ உக்காந்த எடத்துலயே ஆரம்பிங்க – வாசகர் கடிதமும் பதிலும்

வணக்கம் அக்கா,

உங்களுக்கு எழுதறது இதான் முதல் தடவ. என் பொண்ணுக்கு நாலரை வயசு. ஞாயித்துக்கிழமை காலைல அவள கூட்டிட்டு வீட்டுலேர்ந்து கொஞ்சம் தள்ளி இருக்கற மரங்கள் அடர்ந்த ஒரு எடத்துல நடக்க ஆரம்பிச்சிருக்கேன். திசை பாக்கறது, முடிச்சு போடறது, மரம் செடி அடையாளம், வழி தவறிட்டா என்ன செய்யறது, இதெல்லாம் சொல்லிக் குடுக்கணும்னு ஆசைப்பட்டு ஒரு லிஸ்ட்டே போட்டு வச்சிருக்கேன். ஆனா பத்து நிமிஷம் நடந்தா எதையாச்சும் பாத்துட்டு உக்காந்துடறா, இல்லனா தூக்குங்கன்னு கைய நீட்டறா. மூணு வாரத்துல பாதி பாதை கூட தாண்டல. எனக்கே மரங்களோட பேர் தெரியாது, அவ கேட்டா முழிக்கறேன். அவங்கம்மாவுக்கு பாம்பு பூச்சின்னு ஒரே பயம். போன வாரம் ஒரு பச்சப் புழுவ பாட்டில்ல போட்டு வீட்டுக்கே கொண்டாந்துட்டா, திருப்பி விட்டுடலாம்னா அழுகை. இது ரொம்ப சின்ன வயசோ, ரெண்டு வருஷம் கழிச்சு ஆரம்பிக்கலாமா?

அன்புத் தம்பி,

தள்ளிப் போடாதீங்க. உங்க பொண்ணு ஏற்கனவே ஆரம்பிச்சுட்டா, நீங்க தான் பாதையோட அந்த முனைய பாத்துட்டே நடக்கறீங்க. அவளுக்கு முனைன்னு ஒன்னு இருக்கறதே தெரியாது. அவ கண்ணு தரைலேர்ந்து மூணடி உயரத்துல இருக்கு, நமக்கு வெறும் மண்ணா தெரியற எடத்துல அவளுக்கு ஊர்றது, உதுந்தது, ஓட்டையா இருக்கறதுன்னு எல்லாமே தெரியுது, அப்புறம் எப்படி நடப்பா? அதனால தூரக் கணக்க முதல்ல விட்டுடுங்க. ஒவ்வொரு வாரமும் புது எடம் தேடாம அதே எடத்துக்கு திரும்ப திரும்ப கூட்டிட்டுப் போங்க. எனக்கு இதுல நிச்சயமா தெரிஞ்சது இது ஒன்னு தான், உங்க லிஸ்ட்ல இருக்கற எல்லாமே அதுக்குள்ளேர்ந்து தானா வரும்.

என் பையனுக்கு அஞ்சு வயசு இருக்கும்போது நாங்க போற பாதைல ஒரு பாறை முன்னால துருத்திட்டு நிக்கும், அதுக்கு அடில பொடி மண்ணு, அதுல சின்னச் சின்னதா புனல் மாதிரி குழிங்க. குழியானைன்னு சொல்லுவோமே, அதோட வீடு. ஒரு எறும்பு விளிம்புல கால வச்சு சரிஞ்சுது, அவ்ளோ தான், அடிலேர்ந்து மண்ண வீசி வீசி எறும்ப ஏற விடாம கீழ தள்ளுது அது. இவன் குப்புறப் படுத்துட்டான். முக்கால் மணி நேரம் நாங்க அந்த எடத்த விட்டு நகரவே இல்ல. ஒரு புல்லுத் தண்டால மெல்ல தொட்டா மண்ணு தெறிக்குது, இவன் சிரிக்கறான், திரும்ப தொடறான். அது பின்னாடி பின்னாடி நகந்து போற தடம் மண்ணுல கிறுக்கின மாதிரி இருந்துச்சு, அதையும் அவன் தான் மொதல்ல பாத்தான். இது வளந்தா தட்டான் மாதிரி றெக்கையோட பறக்கும்னு நான் சொன்னப்போ நம்பவே இல்ல.

அடுத்த ரெண்டு வாரமும் அங்கயே தான் போனோம். நடுவுல நல்ல மழ, வெளில திறந்த மண்ணுல இருந்த குழியெல்லாம் அழிஞ்சு போச்சு, பாறைக்கு அடில இருந்தது மட்டும் அப்படியே இருந்துச்சு. ஏம்மான்னு கேட்டான், நான் பதில் சொல்லாம அவனையே மேல பாக்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் பாறைய பாத்துட்டு இங்க மழ வராதும்மான்னான். ரெண்டு மாசம் கழிச்சு ஒரு நாள் நடந்துட்டு இருக்கும்போது திடீர்னு தூறல் பிடிச்சுது, நான் பைக்குள்ள குடைய தேடிட்டு இருக்கேன், அவன் என் கைய பிடிச்சு இழுக்கறான், குழியானை வீட்டுக்குப் போலாம்மா அங்க நனையாதுன்னு. ஒதுங்க எடம் பாக்கறது எப்படின்னு நான் அவனுக்கு பாடம் எடுத்ததே இல்ல தம்பி. (இது வெறும் தூறலுக்கு மட்டும். இடி கேட்டா பாறைக்கு அடிலயும் மரத்துக்கு அடிலயும் நிக்கக் கூடாது, கட்டிடத்துக்குள்ளயோ மூடின காருக்குள்ளயோ போயிடணும், கடைசி இடி கேட்டு அர மணி நேரம் ஆகற வரைக்கும் வெளில வரக் கூடாது.)

திசையும் இப்படித் தான். வெயில் விழற எடத்துல ஒரு குச்சிய அவளையே நட்டு வைக்கச் சொல்லுங்க, நிழலோட நுனில ஒரு கல்லு வைக்கட்டும், நீங்க பாட்டுக்கு எறும்பு பாத்துட்டு இருங்க, இருவது நிமிஷம் கழிச்சு வந்தா நிழல் நகந்திருக்கும், அங்க இன்னொரு கல்லு. முதல் கல்லு மேற்குப் பக்கம், ரெண்டாவது கிழக்குப் பக்கம், மத்தியானத்த ஒட்டி செஞ்சா இன்னும் சரியா வரும். கிழக்கு மேற்கெல்லாம் இப்ப மண்டைல ஏறலேனா பரவால்ல, நிழல் நகருதுங்கறத அவ கண்ணால பாத்தாளே அது போதும். முடிச்சு போட ஷூ லேஸ் இருக்கு, அதுக்கு காடு வேண்டாம்.

வழி தவறறது பத்தி மட்டும் கொஞ்சம் விரிவா சொல்றேன், இதுல சும்மா இருந்துடாதீங்க. 1981ல கலிஃபோர்னியால பலோமர் மலைல 9 வயசுப் பையன் ஒருத்தன் காணாமப் போயி, நாலு நாள் தேடியும் உயிரோட மீட்க முடியல. அந்தத் தேடல்ல இருந்தவங்க மனசு தாங்காம, இனி ஒரு கொழந்தைக்கும் இப்படி ஆகக் கூடாதுன்னு ஆரம்பிச்ச பயிற்சி தான் 'ஹக் எ ட்ரீ', மரத்த கட்டிப் பிடிச்சுக்கோங்கறது. விஷயம் ரொம்ப எளிமை. வழி தெரியலன்னு தோணின உடனே நின்னுடணும், பக்கத்துல இருக்கற மரத்த பிடிச்சிட்டு அங்கயே இருக்கணும். நடக்க நடக்க தேடற பரப்பு பெருசாயிட்டே போகும், நின்னுட்டா சீக்கிரம் கண்டுபிடிச்சுடலாம். கழுத்துல ஒரு விசில், மூணு மூணு தடவயா ஊதணும், மூணு ஊதல்னா உதவி வேணும்னு அர்த்தம். இத விட முக்கியமா அவ கிட்ட சொல்ல வேண்டியது, தொலஞ்சு போனா அப்பா திட்ட மாட்டேன், தேடி வர்றவங்க தெரியாத ஆளா இருந்தாலும் உன் பேர கூப்பிட்டா பதில் குடுன்னு. திட்டு விழும்னும் தெரியாதவங்க கிட்ட பேசக் கூடாதுன்னும் பயந்து, கூப்பிட்டும் ஒளிஞ்சிட்டு இருக்கற பசங்க உண்டு.

இத நாங்க ஒளிஞ்சு புடிச்சு விளையாட்டு மாதிரி பல தடவ விளையாடி இருக்கோம். அவனுக்கு ஆறு வயசுல ஒரு நாள் ஏதோ பட்டாம்பூச்சி பின்னாடி ஓடி ஒரு வளைவுல மறஞ்சுட்டான், கூப்பிட்டா சத்தம் இல்ல, அந்த அஞ்சு நிமிஷத்துல என் கை காலெல்லாம் விறைச்சுப் போச்சு. அப்புறம் விசில் கேட்டுச்சு, மூணு தடவ. போய் பாத்தா ஒரு கை மரத்த சுத்தி இருக்கு, கன்னத்துல மரப்பட்டையோட தடம் பதிஞ்சிருக்கு, அவ்ளோ இறுக்கி பிடிச்சிட்டு நின்னிருக்கான். இத இப்ப எழுதும்போதும் எனக்கு தொண்டை அடைக்குது.

அம்மாவோட பயம் நியாயமான பயம், அத தட்டிக் கழிக்காதீங்க, முடிஞ்சா ஒரு தடவ அவங்களையும் கூட்டிட்டுப் போங்க. கால் வைக்கற எடத்த பாத்து வைக்கணும், பொந்துலயும் கல்லுக்கு அடிலயும் கைய விடக் கூடாது, புதர் பக்கம் குச்சியால தரைய தட்டிட்டுப் போகணும். பாம்பு தரையோட அதிர்வ நல்லா உணரும், பெரும்பாலும் அதுவே விலகிடும். அப்படியும் கடிச்சுட்டா கீறறது, உறிஞ்சறது, இறுக்கிக் கட்டறது எதுவும் வேண்டாம், கடிச்ச பாகத்த அசைக்காம நேரா ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டுப் போங்க. மூடின ஷூ போட்டு விடுங்க, வீட்டுக்கு வந்ததும் கை கழுவணும். தெரியாத காய், பழம், காளான் எதுவும் வாய்க்குப் போகக் கூடாது, இந்த ஒரு விஷயத்துல மட்டும் நான் கறாரா இருப்பேன்.

அவ உக்காந்துட்டா நேரம் வீணாகுதுன்னு நெனைக்கறீங்களே, வெளில உக்காந்திருந்தாலும் பலன் உண்டு. சீனால குவாங்சோ நகரத்துல ஒன்னாம் வகுப்பு பசங்களுக்கு ஸ்கூல் நாள்ல தினமும் 40 நிமிஷம் கூடுதலா வெளில இருக்கற மாதிரி ஏற்பாடு பண்ணி மூணு வருஷம் பாத்தாங்க, 2015ல முடிவு வந்துச்சு. வெளில இருந்த பசங்கள்ல 30.4 சதவீதம் பேருக்கு கிட்டப்பார்வை வந்துச்சு, மத்தவங்கள்ல 39.5 சதவீதம்.

மரத்து பேர் தெரியலேனா தெரியலன்னே சொல்லுங்க தம்பி. அப்பா, இது என்ன மரம்னு கேட்டா, தெரியலம்மா, பட்டைய தொட்டு பாரேன் எப்படி இருக்குன்னு திருப்பி கேளுங்க. இலய கசக்கி மோந்து பாக்கறதுக்கு முன்னாடி மட்டும் அது அரிக்கற செடியான்னு நீங்க தெரிஞ்சுக்கோங்க. சொரசொரப்பு மரம், பால் வடியற மரம்னு அவளே பேர் வைப்பா, நெஜப் பேர ரெண்டு பேரும் சேந்து பின்னாடி தேடிக்கலாம்.

கடைசியா அந்தப் பச்சப் புழு. நெறைய புழுங்க குறிப்பிட்ட ஒன்னு ரெண்டு செடியோட இலைய மட்டும் தான் திங்கும், வேற இலைய போட்டா பட்டினியா கெடக்கும். அவ கிட்ட அத பசின்னு சொல்லுங்க, புரிஞ்சுப்பா. இன்னிக்கு சாயங்காலமே பாட்டில அவளையே தூக்கிட்டு வரச் சொல்லி, எடுத்த அதே செடிய அவளே கண்டுபிடிக்கட்டும், நீங்க வழி காட்டாதீங்க. எந்தத் திருப்பத்துல திரும்பினா, எந்தக் கல்ல அடையாளம் வச்சிருந்தான்னு பாத்து எனக்கு எழுதுங்க.