எலெக்டர் கட்சி மாத்தி ஓட்டு போடலாமா? பத்தாவது சர்க்யூட் தீர்ப்பு இப்ப செல்லாது

எலெக்டர்னா அமெரிக்க ஜனாதிபதியத் தேர்ந்தெடுக்க மாநிலம் சார்பா ஓட்டு போடறவரு. அசைன்மென்ட்ல "எலெக்டர் இஷ்டப்பட்டவருக்கு ஓட்டு போடலாம்"னு எழுதிடாதீங்க, அப்படிச் சொன்ன பத்தாவது சர்க்யூட் (சுப்ரீம் கோர்ட்டுக்குக் கீழ இருக்கற ஒரு அப்பீல் கோர்ட்) தீர்ப்ப 2020 ஜூலை 6 அன்னிக்கே அமெரிக்க சுப்ரீம் கோர்ட் ரத்து பண்ணிடுச்சு. அதே நாள், ஜெயிச்ச வேட்பாளருக்கு ஓட்டு போடாத எலெக்டர்களுக்கு ஃபைன் போட்டது பத்தின வாஷிங்டன் மாநிலத்தோட சியாஃபலோ வழக்குல ஒன்பது நீதிபதிகளும் மாநிலம் பக்கம்தான் நின்னாங்க.

எலெக்டர்களுக்காக வாதாடின ஹார்வர்ட் பேராசிரியர் லாரன்ஸ் லெஸ்ஸிக் ஜெயிச்சாருன்னு ஒரு கட்டுரை, தோத்தாருன்னு இன்னொண்ணு, எது சரின்னு கேட்டீங்க. அனேகமா முதல் கட்டுரை 2019ல வந்ததா இருக்கும், அப்ப அவரோட டீம் பத்தாவது சர்க்யூட்ல கொலராடோ வழக்குல ஜெயிச்சது நிஜம்தான் (அந்த எலெக்டர் 2016ல ஹிலாரி பேர அடிச்சுட்டு எதிர்க்கட்சியான குடியரசுக் கட்சியோட ஜான் கேசிக்னு கையால எழுதினாரு, உடனே அவர நீக்கிட்டாங்க). கட்டுரையோட தேதியப் பாருங்க, 2020 ஜூலைக்கு முன்னாடின்னா அத பழைய நிலவரமா மட்டும் காட்டுங்க.

லெஸ்ஸிக் வாதத்த மட்டும் விட்டுடாதீங்க, ரொம்ப முக்கியம். அரசியல் சாசனத்துல 'எலெக்டர்', 'ஓட்டு'ங்கற வார்த்தைகளே சொந்தமா முடிவெடுக்கறதத்தான் குறிக்குதுன்னாரு. சியாஃபலோ தீர்ப்ப எழுதின சுப்ரீம் கோர்ட் நீதிபதி கேகன் அத ஏத்துக்கல, எலெக்டர நியமிக்கற அதிகாரம் மாநிலத்துக்கு இருக்கறப்ப நிபந்தனை போடற அதிகாரமும் அதுலயே அடங்கும்னு எழுதினாங்க.

ஒண்ணு கவனிங்க, மாநிலம் கட்டுப்படுத்த*லாம்*னுதான் தீர்ப்பு, கட்டுப்படுத்தியே ஆகணும்னு இல்ல. அப்படிச் சட்டமே இல்லாத மாநிலங்களும் இருக்கு, இருக்கற இடத்துலயும் ஒரே மாதிரி இல்ல, வாஷிங்டன்ல அப்ப 1,000 டாலர் ஃபைன், கொலராடோல ஆளயே மாத்திட்டாங்க. வேட்பாளர் இறந்துட்டா என்னங்கறதயும் கோர்ட் முடிவு பண்ணல, தீர்ப்போட அடிக்குறிப்புல அப்படி இருக்கு.