மானின் கழுத்தில் கறுப்புக் கட்டிகள்

கேள்வி: என் மகள் பென்சில்வேனியாவில் இருக்கிறாள். வீட்டுப் பின்பக்கம் தினமும் மான்கள் வரும். பேரன் ஆப்பிள் வெட்டி வைப்பான். போன வாரம் வந்த பெண் மான் ஒன்றுக்குக் கண்ணோரத்திலும் கழுத்திலும் கறுப்புக் கறுப்பாகக் கட்டிகள். வாட்ஸ்அப்பில் வந்த படத்தைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. புற்றுநோயா டாக்டர்? பேரனுக்கோ அவர்கள் வீட்டு நாய்க்கோ ஒட்டுமா? பிடித்து வைத்தியம் பார்க்கச் சொல்லட்டுமா?

– வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன் அம்மா. 9 கட்டிகள் எண்ண முடிந்தது. கண்ணோரத்தில் பட்டாணி அளவு, கழுத்தில் எலுமிச்சை அளவு. மேலே முடி இல்லை. காய்ந்த வறட்டி போல வெடித்திருக்கிறது. அந்த ஊர் வெள்ளைவால் மான்களுக்கு வரும் ஃபைப்ரோமா என்றுதான் தோன்றுகிறது. பாப்பிலோமா வைரஸால் வருவது, ஒரு வகை மரு. தோலோடு நின்றுவிடும், சதைக்கும் எலும்புக்கும் இறங்காது. கடிக்கும் பூச்சிகளால் பரவும். மான்கள் ஒன்றோடொன்று உரசினாலும் பரவும். மனிதருக்கோ நாய்க்கோ ஒட்டியதாகத் தெரியவில்லை. பேரனைப் பற்றிக் கவலை வேண்டாம்.

வேப்பேரியில் நான் கால்நடை மருத்துவம் படித்த நாளில், காலடிப்பேட்டையில் எங்கள் தெருப் பால்காரருடைய கன்றுக்குக் கழுத்தெல்லாம் காலிஃபிளவர் போல மரு. அது மாட்டுக்கே உரிய வைரஸ், மானுடையது வேறு. ஆனால் இரண்டும் ஒரே குடும்பம். யாரோ சொன்னார்கள் என்று குதிரை முடியால் இரண்டை இறுக்கிக் கட்டினார். ஒன்று சீழ் பிடித்து ஈ மொய்த்தது. அந்தப் புண்ணை நான்தான் தினமும் கழுவினேன். தொடாமல் விட்ட மருக்கள் சில மாதத்தில் சுருங்கி உதிர்ந்தன. அந்த இடத்தில் புது முடி மெத்தென்று முளைத்திருந்ததை விரலால் தடவிப் பார்த்தது இன்னும் நினைவிருக்கிறது. மானுக்கும் பெரும்பாலும் இப்படித்தான், உடம்பே எதிர்த்து நின்று உதிர்த்துவிடும்.

அதனால் பிடிக்கவே கூடாது. துரத்திப் பிடிக்கிற பயத்திலேயே மான் செத்துப்போகும். கிண்டியில் புள்ளிமானுக்கு ஏதாவது என்றாலும் வனத்துறைக்குத்தான் சொல்ல வேண்டும், நாம் கை வைக்கக் கூடாது. (அங்கே ஆண்மான் தலையில் கட்டி என்று என்னிடம் பதறி வந்தவர்கள் உண்டு. விழுந்த கொம்பு மறுபடி முளைக்கும்போது மெல்லிய ரோமத்தோல் மூடி அப்படித்தான் புடைத்திருக்கும்.)

மகள் கவனிக்க வேண்டியது, மான் மேய்கிறதா, நடக்கிறதா, கட்டி கண்ணை மறைக்கிறதா என்பதைத்தான். கண் மூடிப்போனாலோ, கட்டி உடைந்து சீழ் வடிந்தாலோ, தாடை எலும்பே வீங்கியிருந்தாலோ, மான் எலும்பும் தோலுமாகி எச்சில் ஒழுகத் தள்ளாடினாலோ அங்குள்ள கேம் கமிஷனுக்கு (அந்த மாநிலத்தின் வனவிலங்குத் துறை) சொல்லட்டும். கடைசியாகச் சொன்னது மருவே இல்லை, மிகக் கொடிய வேறொரு நோயாக இருக்கலாம்.

ஆப்பிள் வைப்பதை மட்டும் இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். பேரனுக்கு வருத்தமாக இருக்கும், எனக்குப் புரிகிறது. ஆனால் ஒரே இடத்தில் பத்து மான் வாய் வைத்தால் நோய் பரவ அதைவிட நல்ல வழி இல்லை. அந்த மாநிலத்தில் சில பகுதிகளில் தடையே உண்டு. ஜன்னலிலிருந்து பார்க்கட்டும், படம் வரையட்டும்.

அடுத்த மாதம் அதே மான் வந்தால் அதே பக்கத்திலிருந்து ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துச் சொல்கிறேன்.