மிஷனரியின் உள்ளம் வறண்டுபோகாதிருக்க: கேள்வி பதில்

வடசென்னைச் சபைகளிலிருந்து வட மாநிலங்களுக்கு மிஷனரிகளாகச் சென்றவர்களும், அவர்களை அனுப்பிவைத்தவர்களும் கேட்டவற்றில், பலருக்கும் பொதுவான சில கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். பணித்தளத்தில் நெடுங்காலம் இருந்துவிட்டு, இப்போது பெரம்பூரில் குடியிருந்து, விடுப்பில் வரும் ஊழியர்களோடு உட்கார்ந்து பேசுகிறவன் என்ற அளவில் பதில் எழுதுகிறேன்.

வியாசர்பாடி சகோதரர் (ஜார்க்கண்டில் ஊழியம்): ஐயா, தினமும் வேதம் வாசிக்கிறேன். ஆனால் வாசிக்கும்போதே ஞாயிறு பிரசங்கத்துக்கான குறிப்புதான் மனதில் ஓடுகிறது. எனக்கென்று ஒன்றும் கிடைப்பதில்லை. இது பின்வாங்குதலா?

பின்வாங்குதல் அன்று, வேதத்தை வேலைக்குரிய கருவியாகவே கையாண்டு பழகியதால் வந்த களைப்பு. இன்னொரு காரணமும் இருக்கலாம். ஆண்டு முழுவதும் இந்தியிலோ ஜார்க்கண்டுப் பகுதி மொழியான சாத்ரியிலோ ஜெபித்து, பாடி, பிறருக்கு ஆறுதல் சொல்லும் ஒருவருக்குத் தம் தாய்மொழியில் முறையிட்டு அழ இடமே இல்லாமல் போய்விடுகிறது. ஆகவே நோட்டையும் பேனாவையும் அடுத்த அறையில் வைத்துவிட்டு, பிரசங்கத்துக்கு எடுக்கப்போகாத ஒரு பகுதியைத் தமிழில் வாய்விட்டு வாசியுங்கள். 88ஆம் சங்கீதத்தில் தொடங்கலாம். கடைசி வரியிலும் இருள் நீங்காத புலம்பல் அது. அதைச் சாட்சியாக மாற்றி மேடையில் சொல்ல முடியாது என்பதே உங்களுக்கு அதனால் கிடைக்கும் நன்மை. கீர்த்தனை பாடினால் எல்லாச் சரணங்களையும் பாடுங்கள்; பல்லவியோடு நிறுத்துவது கூட்டத்துக்குப் போதும், தனி ஜெபத்துக்குப் போதாது.

தண்டையார்பேட்டை சகோதரர் (ஒடிசாவில் ஊழியம்): ஐந்து ஆண்டாகியும் ஒருவர்கூட ஞானஸ்நானம் பெறவில்லை. மாத அறிக்கையில் அந்தக் கட்டம் காலியாகவே போகிறது. என் அழைப்பே தவறோ?

இங்கிலாந்து மிஷனரி வில்லியம் கேரி 1793இல் வங்காளத்துக்கு வந்தார். அவருடைய ஊழியத்தின் முதல் பலனான கிருஷ்ண பால் ஞானஸ்நானம் பெற்றது 1800 டிசம்பரில். அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்சன் 1813இல் பர்மாவின் ரங்கூன் சேர்ந்தார்; முதல் பர்மியருக்கு ஞானஸ்நானம் கொடுத்தது 1819இல். இந்தக் கணக்கைச் சொல்லி ஊழியரைத் தேற்றுவது நம் கூட்டங்களில் வழக்கம். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. ஏழாம் ஆண்டில் பலன் வந்தது என்கிற கதையும் முடிவில் எண்ணிக்கையைத்தான் சாட்சிக்கு அழைக்கிறது. எட்டாம் ஆண்டிலும் கட்டம் காலியாக இருக்கிறவருக்கு அது என்ன சொல்லும்?

அறிக்கை வேண்டாம் என்று சொல்லவில்லை. காணிக்கை கொடுக்கிறவர்களுக்குக் கணக்குக் கேட்க உரிமை உண்டு. ஆனால் மாதந்தோறும் அதே நடையில் எழுதி எழுதி, தனி ஜெபத்திலும் கர்த்தருக்கு அறிக்கை வாசிக்கத் தொடங்கிவிடுகிறோம். உள்ளம் வறளத் தொடங்குவது பெரும்பாலும் அங்கேதான். ஆகவே உங்களுக்கு மாதப் படி கொடுக்கிற, உங்களை மேடையேற்றுகிற, உங்களை மதிப்பிடுகிற பொறுப்பில் இல்லாத ஒருவரைத் தேடிக்கொள்ளுங்கள். “இந்த மாதம் ஜெபிக்கவே பிடிக்கவில்லை” என்று அவருக்கு எழுத முடியவேண்டும். அவரும் அதைப் படித்துவிட்டு உடனே வசனம் அனுப்பாதவராக இருக்கவேண்டும். நான் பார்த்தவரையில், நீடித்து நின்ற ஊழியர் ஏறக்குறைய எல்லாருக்கும் அப்படி ஒருவர் இருந்தார். அழைப்பு தவறா என்ற கேள்வியை அவரோடு பேசுங்கள், அந்தக் கட்டத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மேலும், மதமாற்றம் பற்றிய சட்டம் ஒடிசாவில் 1967இலிருந்தே இருக்கிறது. சபையாரைத் திருப்திப்படுத்துவதற்காகக் கிராமத்தாரின் பெயர்களையும் படங்களையும் ஜெபக் கடிதத்தில் போடுவது அவர்களைத்தான் சிக்கலில் மாட்டும்.

ஓட்டேரி சகோதரி: அழைப்பு என் கணவருக்குத்தான், நான் திருமணமாகி உடன் போனவள். பிள்ளைகள் விடுதியில் இருக்கிறார்கள். இரவில் தூக்கமில்லை, காரணமின்றி அழுகை வருகிறது. விசுவாசக் குறைவு என்கிறார்கள்.

அப்படிச் சொல்கிறவர்களுக்கு டாரதி கேரியின் கதையைச் சொல்லுங்கள் அம்மா. கேரியின் மனைவியான அவர் இந்தியாவுக்கு வர முதலில் மறுத்து, கடைசி நேரத்தில் இணங்கிக் கப்பல் ஏறியவர். 1794இல் ஐந்து வயது மகன் பீட்டர் இறந்தபின் அவருடைய மனநலம் குலைந்தது. 1807இல் மரிக்கும்வரை அது திரும்பவில்லை. கேரியின் மொழிபெயர்ப்புகளைப் போற்றும் நாம், அதே வீட்டில் இருந்த அந்த அம்மாளை ஒரு வரியில் கடந்துவிடுகிறோம்.

அவருக்குக் கிடைக்காத மருத்துவம் இன்று உங்களுக்கு இருக்கிறது. கீழ்ப்பாக்கம் என்ற பெயரையே கேலிச்சொல்லாக்கி வைத்திருக்கும் ஊர் நம்முடையது என்பதால் தயக்கம் வருவது இயல்பு. ஸ்டான்லி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது, கணவரையும் உடன் அழைத்துக்கொண்டு போங்கள். மருந்து எழுதிக் கொடுத்தால் சாப்பிடுங்கள். உயிரோடிருக்கவே வேண்டாம் என்ற எண்ணம் எப்போதாவது வந்தால், அன்றைக்கே ஒருவரிடம் சொல்லிவிடுங்கள். பணித்தளத்துக்குத் திரும்புவதா, பிள்ளைகளோடு இங்கே இருப்பதா என்பதை நலமடைந்தபின் இருவரும் சேர்ந்து தீர்மானிக்கலாம். “உடன் போனவள்” என்ற நிலையிலேயே உங்களை வைத்துக்கொண்டு அவர் மட்டும் தீர்மானிப்பது சரியன்று.

பெரம்பூர் சகோதரர்: விடுப்பில் வந்தேன். ஞாயிறுதோறும் ஒவ்வொரு சபையில் செய்தி, இடையே உபவாச ஜெபம், வீட்டுக் கூட்டம். வந்ததைவிடச் சோர்ந்துபோயிருக்கிறேன்.

முதலில் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். வைவாக்ஸ் வகை மலேரியா ஈரலில் தங்கியிருந்து மாதங்கள் கழித்தும் திரும்பும். இரத்தச்சோகையும் ஆளைச் சாய்க்கும். எல்லாச் சோர்வையும் ஆவிக்குரிய போராட்டமாகப் பார்க்கும் பழக்கத்தால் பல ஊழியர்கள் உடம்பைக் கெடுத்துக்கொண்டிருக்கிறார்கள். சூரைச்செடியின் கீழ் சாகக் கேட்ட எலியா தீர்க்கதரிசியைத் தேவதூதன் கடிந்துகொள்ளவில்லை. தூங்கவிட்டு, இரண்டு முறை எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். “இங்கே உனக்கு என்ன காரியம்” என்ற கேள்வி அதற்கும் வெகு நாள் கழித்து, ஓரேப் மலையில்தான் வருகிறது. முதல் இரண்டு வாரம் எந்த மேடையும் ஏறமாட்டேன் என்று போதகரிடம் மரியாதையாகச் சொல்லிவிடுங்கள்.

எண்ணூர் சகோதரர் (சத்தீஸ்கரில் ஊழியம்): மொழி கற்றுக்கொண்டேன். ஆனாலும் அந்த மக்கள்மேல் எரிச்சல் தீரவில்லை. வெளியே சொல்ல வெட்கமாக இருக்கிறது.

சொன்னதே நல்லது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தெலுங்கு மக்களிடம் தோர்ணக்கல்லுக்குப் போன அசரியா, 1910இல் எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில் மேல்நாட்டு மிஷனரிகளைப் பார்த்து, உடைமைகளையும் உடலையும் தந்தீர்கள், அன்பையும் கேட்கிறோம், நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். அன்று ஒரு தமிழர் வெள்ளைக்காரரிடம் கேட்டதை, இன்று ஒரு கோண்டு பழங்குடி இளைஞர் நம்மிடம் கேட்கலாம். கொடுக்கிறவராகவே இருந்தால் எரிச்சல் போகாது. அவர்களிடம் உதவி கேளுங்கள். கூரை வேய, விறகு பிளக்க, உங்கள் உச்சரிப்பைத் திருத்த. துண்டுப்பிரதியோ பாடல் புத்தகமோ கையில் இல்லாமல் ஒரு வீட்டுக்குப் போய், போட்டதைச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

ராயபுரம் சகோதரர்: ஊழியத்தை விட்டுத் திரும்பிவிட்டேன். கலப்பையில் கை வைத்துத் திரும்பிப் பார்த்தவன் என்று உறவினரே பேசுகிறார்கள்.

மாற்கு என்னும் யோவான், பவுலோடும் பர்னபாவோடும் ஊழியப் பயணம் போய், பாதியிலேயே பெர்கேயிலிருந்து வீடு திரும்பியவர். அதற்காகப் பவுல் அடுத்த பயணத்தில் அவரைச் சேர்த்துக்கொள்ளவே மறுத்தார். அதே பவுல் தம் கடைசி நாட்களில் மாற்குவை அழைத்துவரச் சொல்லி எழுதுகிறார். இடையில் மாற்குவைத் தாங்கியவர் பர்னபா. உங்களுக்கு இப்போது வேண்டியது ஒரு பர்னபாவும், மாதச் சம்பளம் வரும் ஒரு வேலையும்.

கொருக்குப்பேட்டை சபைச் செயலாளர்: காணிக்கை தவிர நாங்கள் வேறு என்ன செய்யலாம்?

படியை மாதத் தொடக்கத்திலேயே அனுப்புங்கள்; மருத்துவக் காப்பீடு புதுப்பிக்கப்பட்டதா என்று பாருங்கள். பிள்ளைகளின் விடுதிக்குச் சபையில் ஒரு குடும்பத்தைப் போய்வரச் சொல்லுங்கள். அறிக்கையைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்காமல் மாதம் ஒருமுறை போன் செய்யுங்கள். விடுப்பில் வரும்போது சென்ட்ரலுக்குப் போய் அழைத்து வாருங்கள்; பேசின் பிரிட்ஜ் தாண்டுவதற்குள் “சாட்சி எந்த வாரம்?” என்று கேட்டுவிடாதீர்கள். காசிமேட்டு நெத்திலிக் கருவாடு அனுப்புவதானால் நன்றாகக் காய்ந்ததா என்று பார்த்து, இரண்டு உறை போட்டுக் கட்டுங்கள். ஈரம் இருந்தால் போய்ச் சேர்வதற்குள் பூசணம் பிடித்துவிடும்.