ஜென்செட் பெட்டிக்குள் பில்டரை எங்கே வைப்பது?

கேள்வி: பினாங்கின் பிறையில் சிறிய பட்டறை வைத்திருக்கிறேன். டீசல் இஞ்சினையும் ஆல்டர்னேட்டரையும் வாங்கி, சத்தம் அடக்கும் பெட்டி கட்டி, ஜென்செட்டாக விற்கிறேன். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைப் பாதையில் பந்தல்களுக்கு வாடகைக்குப் போவது பெரும்பாலும் இவைதான். பில்டர் மாற்றக் கை நுழையவில்லை, எண்ணெய் அடித்தட்டு முழுக்கக் கொட்டுகிறது என்று வாங்கியவர்கள் திட்டுகிறார்கள். பில்டர்களை வேறு இடத்துக்கு மாற்றலாமா?

பதில்: மாற்றலாம். ஆனால் கழற்றியதும் எண்ணெய் எந்தப் பக்கம் வழியும் என்பதை முதலில் பாருங்கள். கை நுழைவது அதற்கு அடுத்த கணக்கு. உங்கள் பெட்டியில் ஆல்டர்னேட்டரின் காற்றுத் துவாரமும் புகைக்குழாயும் எந்த பில்டருக்கும் கீழே வரக் கூடாது. ஆல்டர்னேட்டரின் கம்பிச்சுருளில் (வைண்டிங்) எண்ணெய் படிந்தால் தூசி ஒட்டும், சூடு வெளியேறாது. புகைக்குழாயில் டீசல் சொட்டினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

எண்ணெய் பில்டரை, அது திருகி உட்காரும் தலை மேலே, டப்பா கீழே தொங்கும்படி செங்குத்தாக வைப்பதே நல்லது. கழன்றதும் எண்ணெய் டப்பாவுக்குள்ளேயே நிற்கும், தலையிலிருந்து வடிவது மட்டும்தான் சொட்டும். புதியதில் எண்ணெய் ஊற்றி நிரப்பிவிட்டே மாட்டலாம் என்பதால் முதல் ஸ்டார்ட்டில் பேரிங்குகள் காய்ந்து ஓடும் நேரமும் குறையும். படுக்கை வாட்டில் வைத்தால் பாதி எண்ணெய் உங்கள் மணிக்கட்டு வழியாக முழங்கைக்கு வரும். வேறு வழியே இல்லையென்றால் கீழே விளிம்பு மடித்த தகரத் தட்டு ஒன்றைப் பற்றவைத்து, அதிலிருந்து ஒரு குழாயைப் பெட்டிக்கு வெளியே விடுங்கள்.

டப்பாவுக்குக் கீழே, திருகு மரை முழுவதும் கழன்று இறங்க ஓர் அங்குலம் போதும் என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். ரென்ச்சும் அதைப் பிடித்த கையும் சுற்ற இடம் விடுவதில்லை. கடைசியில் மெக்கானிக் ஸ்க்ரூ டிரைவரை டப்பாவில் குத்தித் திருப்புவார், தகடு கிழிந்துதான் மிச்சம்.

இதைவிட முக்கியம், பில்டர் உட்காரும் முகம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். பழைய பில்டரின் ரப்பர் வளையம் சில நேரம் தலையிலேயே ஒட்டிக்கொள்ளும். அதைப் பார்க்காமல் புதியதை மாட்டினால் இரண்டு வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்று நிற்கும். ஐட்லிங்கில் சும்மா இருக்கும். அழுத்தம் ஏறியதும் மேல் வளையம் பிதுங்கும், கொஞ்ச நேரத்தில் இஞ்சினுக்கு அடியில் எண்ணெய் நிற்கும் சம்ப் காலி. கைவிரலால் தடவிப் பார்த்தால் போதும் என்பவர்கள் உண்டு. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்; சூட்டில் இறுகிய கறுப்பு வளையம் உலோகம் போலவே வழுக்கும்.

குழாய் போட்டு பில்டர் தலையைச் சட்டத்துக்கு நகர்த்துகிறீர்கள் என்றால், இஞ்சின் ரப்பர் மவுண்டில் ஆடும், சட்டம் ஆடாது. குழாயில் தொய்வு வேண்டும். உள் விட்டம் இஞ்சினின் துவாரத்தைவிடக் குறையக் கூடாது. சூடான எண்ணெய்க்கும் அழுத்தத்துக்கும் என்றே செய்த குழாயாக இருக்க வேண்டும். போகும் குழாய், வரும் குழாய் மாறிப்போகாமல் அடையாளம் போடுங்கள். அப்புறம், நீளமான குழாய் என்றால் ஸ்டார்ட்டில் அழுத்தம் தாமதமாக வரும், ஒவ்வொரு மூட்டும் ஒழுகும் இடம். வெட்டுவதற்கு முன்னால் இஞ்சின் விற்றவரிடம் வாரண்டி பற்றி எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

டீசல் பக்கம் வேறு கதை. 2019-க்குப் பிறகு இங்கே பம்ப்பில் வரும் டீசலில் பத்து விழுக்காடு வரை பாமாயில் டீசல் கலந்திருக்கும். அது சாதாரண டீசலைவிட அதிகம் ஈரம் பிடிக்கும், தொட்டியில் படிந்த பழைய அழுக்கையும் கரைத்துக்கொண்டு வரும். வாடகை ஜென்செட் அரைத் தொட்டியோடு மாதக்கணக்கில் நின்றால், பினாங்கின் ஈரக்காற்றே உள்ளே வியர்த்துத் தண்ணீராகும். அதனால் தொட்டிக்கும், அதிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்ப்புக்கும் நடுவே, அடியில் திருகுக் குழாய் உள்ள நீர்ப்பிரிப்பான் வையுங்கள். அந்தத் திருகுக்குக் கீழே அரை லிட்டர் போத்தல் நிற்கும் உயரம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் யாரும் தண்ணீரை வடிக்க மாட்டார்கள். தொட்டி உயரத்தில் இருந்தால் பில்டருக்கு முன்னால் அடைப்பு வால்வு ஒன்று கட்டாயம், இல்லாவிட்டால் பில்டரைக் கழற்றியதும் தொட்டி முழுக்கக் கொட்டிவிடும். டீசல் குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றும் கைப்பம்பை அதே பக்கத்தில் வையுங்கள்.

காமன் ரெயில் இஞ்சின் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் வகை) என்றால் டீசல் பில்டரை மட்டும் கையால் நிரப்பி மாட்ட வேண்டாம் என்று பெட்டிக்கதவில் ஒட்டிவிடுங்கள். நடுத் துளை வழியாக ஊற்றும் டீசல் வடிகட்டாமலே இன்ஜெக்டருக்குப் போகும். கைப்பம்பால்தான் நிரப்ப வேண்டும்.

எண்ணெய் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக், எண்ணெய் ஊற்றும் மூடி, இரண்டு பில்டர்கள், சம்ப் வடிகால் எல்லாம் ஒரே கதவுப் பக்கம் வந்தால் பாதிப் புகார் போய்விடும். வடிகாலுக்குக் கைப்பிடியைத் திருப்பித் திறக்கும் பந்து வால்வு (ball valve) போட்டால் முனையில் மூடியும் போடுங்கள், யாராவது கால் இடித்துத் திறந்துவிடுவார்கள். வெல்டிங்குக்கு முன் அட்டையில் பெட்டி செய்து, கையுறை போட்டு ஒருமுறை கழற்றி மாட்டிப் பாருங்கள்.

வாங்குபவரிடம் இதையும் சொல்லுங்கள்: மலேசியாவின் 2005-ஆம் ஆண்டு அட்டவணைக் கழிவு விதிகளில் கழிவு எண்ணெயின் குறியீடு எஸ்டபிள்யூ 305, எண்ணெய் ஊறிய பில்டரின் குறியீடு எஸ்டபிள்யூ 410. குப்பைத் தொட்டியில் போடாமல், உரிமம் பெற்ற சேகரிப்பாளரிடம்தான் கொடுக்க வேண்டும்.