டேலி பார்க்க ஸ்டாட்டிக் ஐபி வாங்கணுமா?

கேள்வி: வீடு அம்பத்தூரில், கடை பாரிமுனையில். டேலி கணக்கு முழுக்க வீட்டு டெஸ்க்டாப்பில் இருக்கிறது. கடைக்குப் பார்ட்டி வந்து பாக்கி எவ்வளவு என்று கேட்டால், மனைவிக்குப் போன் போட்டு, அவர் ஸ்கிரீனைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டியிருக்கிறது. செல்போனிலேயே வீட்டு சிஸ்டத்தைத் திறக்க முடியுமா? ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடைக்காரர் விண்டோஸ் ப்ரோவும் ஸ்டாட்டிக் ஐபியும் (மாறாத இணைய முகவரி) வாங்கச் சொல்கிறார்.

பதில்: இரண்டும் வேண்டாம் சார், காசைக் கையில் வையுங்கள்.

அவர் சொல்வது பொய்யில்லை. விண்டோஸ் ஹோம் பதிப்புக்குள் விண்டோஸின் சொந்த ரிமோட் டெஸ்க்டாப் மூலம் வெளியிலிருந்து நுழைய முடியாது, அதற்கு ப்ரோ வேண்டும்தான். ஆனால் அதற்காக ரௌட்டரில் 3389 போர்ட்டை, அதாவது ரிமோட் டெஸ்க்டாப் நுழையும் வழியை, திறந்துவிட்டால் உலகத்துக்கே வாசலைத் திறந்த மாதிரி, ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் கும்பல்கள் தேடி அலைவதே இப்படித் திறந்து கிடக்கும் வாசல்களைத்தான்.

கூகுளின் குரோம் ரிமோட் டெஸ்க்டாப் இலவசம், விண்டோஸ் ஹோமிலும் ஓடும். சிஸ்டத்தில் நிறுவி 6 இலக்கத்துக்குக் குறையாத பின் நம்பர் (PIN) வைத்து, போனில் அதே கூகுள் கணக்கில் நுழைந்தால் போதும். வீட்டு சிஸ்டமே கூகுள் சர்வரைத் தொடர்பு கொள்வதால் ஸ்டாட்டிக் ஐபிக்கு வேலையே இல்லை. கூகுள் கணக்குக்கு இரண்டடுக்குப் பாதுகாப்பு கட்டாயம் போடுங்கள், பிறந்த தேதியைப் பின் நம்பராக வைக்காதீர்கள். இதே வேலையைச் செய்யும் டீம்வியூவரின் இலவசப் பதிப்பு சொந்த உபயோகத்துக்கு மட்டும்தான், உங்களுடையது கடைக் கணக்கு.

ஒன்று சொல்லிவிடுகிறேன், போனில் டேலியை ஓட்டுவது எரிச்சலான வேலை. எழுத்து பொடிப்பொடியாகத் தெரியும், டேலியோ முழுக்க கீபோர்டை நம்பி இருப்பது. பாக்கி பார்க்கலாம், வவுச்சர் போட உட்காராதீர்கள். பார்ப்பது மட்டும்தான் தேவை, டேலியின் டிஎஸ்எஸ் (டேலி சாஃப்ட்வேர் சர்வீசஸ்) சந்தாவும் நடப்பில் இருக்கிறது என்றால், ரிப்போர்ட்டை பிரவுசரிலேயே பார்க்கும் வசதி டேலியிலேயே உண்டு. முதலில் அதை முயன்று பாருங்கள். அதற்கும் வீட்டு சிஸ்டம் ஆனில் இருந்து டேலி திறந்திருக்க வேண்டும்.

உண்மையான தலைவலி கரண்ட்தான். சிஸ்டம் ஸ்லீப்புக்குப் போனால் சாதாரணமாக எந்த ஆப்பாலும் எட்ட முடியாது, அதனால் ஸ்லீப்பை 'நெவர்' என்று வையுங்கள், மானிட்டர் அணைந்தால் பரவாயில்லை. கரண்ட் போய் வந்ததும் தானாக பூட் ஆகும்படி வைக்க பெரும்பாலான டெஸ்க்டாப்களின் பயாஸில் (சிஸ்டம் ஆன் ஆகும்போது திறக்கும் செட்டிங்) வழி உண்டு. குரோம் ரிமோட் டெஸ்க்டாப் லாகின் திரையிலும் வேலை செய்யும், வீட்டில் யாரும் பாஸ்வேர்ட் அடித்துத் தர வேண்டாம். செலவு செய்தே ஆக வேண்டுமென்றால் ரௌட்டருக்கு ஒரு மினி யுபிஎஸ் வாங்குங்கள், அது உருப்படியான செலவு.

அப்புறம், 'பேங்கிலிருந்து பேசுகிறோம், எனி டெஸ்க் போடுங்கள்' என்று யாராவது கூப்பிட்டால் போனை வையுங்கள், அதுவும் உங்கள் திரையை வெளியாள் இயக்க விடும் ஆப்தான். ரிசர்வ் வங்கி 2019-லேயே இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. ஏமாந்து பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அடியுங்கள்.

எல்லாம் செய்து முடித்ததும் நேரே பாரிமுனைக்குக் கிளம்பாதீர்கள். வீட்டிலேயே போனின் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் ஒரு பார்ட்டியின் லெட்ஜரைத் திறந்து பார்த்துவிடுங்கள்.